என்ன பிடிக்கும்னு கேட்டாங்க

எத்தனை பேரு உள்ள போனாங்க, பாத்தியாம்மா? நான் குனிஞ்சு பையில துண்டு தேடிக்கிட்டு இருந்தேன், கவனிக்காம விட்டுட்டேன். பெரிய டாக்டர் போனாரா? கண்ணாடி போட்ட சிஸ்டர்? கையைக் காலை நீட்டி மடக்குற பிசியோ பொண்ணு? விழுங்கச் சொல்லிக் குடுக்குற தம்பி? என்ன சாப்பிடணும்னு சொல்லுற அந்த டயட்டீசியன் பொண்ணு இருக்காளே, ஒல்லியா, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை போட்டுக்கிட்டு, அவளும் போனாளா? அப்போ எல்லாரும்தான். எல்லாரும் சேந்துதான் போயிருக்காங்க.

என் கையைத் தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கா? எனக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல. பயம். அவ்வளவுதான்.

"நீங்களும் வாங்கம்மா, எல்லாரும் உக்காந்து பேசுவோம்"னுதான் கூப்பிட்டா அந்த டயட்டீசியன் பொண்ணு. தலை சுத்துதுன்னு சொல்லிட்டு இந்த பெஞ்சில வந்து உக்காந்துட்டேன். நிசமாவும் சுத்தத்தான் செய்யுது.

நீ புதுசு. நேத்து சாயங்காலம்தான உங்க அப்பாவைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க, எங்க இவுகளுக்கு, என் வீட்டுக்காரவுகளுக்குப் பக்கத்துக் கட்டில்ல? அதான் ஒனக்கு இங்க உள்ள நடப்பு தெரியல. நான் சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒருத்தர் ஒருத்தரா வந்தாங்கன்னா ஒண்ணும் பயப்படாதே. டாக்டர் வருவாரு, டார்ச் அடிச்சுப் பாப்பாரு, போயிருவாரு. பிசியோ வருவா, "தாத்தா, தூக்குங்க, தூக்குங்க"ன்னு கத்திட்டுப் போவா. அதெல்லாம் வைத்தியம். எல்லாரும் சேந்து வந்து கட்டிலைச் சுத்தி நின்னு, இங்கிலீசுல குசுகுசுன்னு பேசி, கடைசியில ஒருத்தர் ஒன் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?"னு கேட்டாங்கன்னு வையி, அங்கதான் பயப்படணும். அப்படிக் கேட்டா, "எல்லாம் பிடிக்கும்"னு சொல்லிரு. இல்ல, "ஒண்ணும் பிடிக்காது"ன்னு சொல்லு. பேரைச் சொல்லி ஒண்ணை மட்டும் சொல்லிராதே, தாயி.

சிரிக்காதே. நானும் ஒன்னை மாதிரி சிரிச்சவதான்.

எங்க மாமனாரு படுத்திருந்தாரு, அது வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. ஈரல் கெட்டுப்போச்சுன்னாங்க. ஒரு நாள் இதே மாதிரி டாக்டர்மாரு எல்லாம் கும்பலா வந்தாங்க. சுத்தி நின்னாங்க. தலையை ஆட்டிக்கிட்டாங்க. அதுல வயசான ஒரு டாக்டரு, ரொம்ப நல்ல மனுஷன், எங்க இவுக தோள்ல கையைப் போட்டு, "ஐயாவுக்கு என்ன பிடிக்குமோ வாங்கிக் குடுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. நாங்க என்னத்தைக் கண்டோம்? குணமாயிட்டு, அதான் பத்தியத்தை எடுத்துட்டாங்கன்னு நெனைச்சு, முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கிக் குடுத்தோம். மாமனாருக்கு அதுன்னா உசிரு. விரலை எல்லாம் நக்கித் தின்னுட்டு, என்னைப் பாத்து, "திருப்தி, தாயி"ன்னாரு. மறுநாள் விடியறப்போ ஆளு இல்ல. அந்தத் திருப்திதான் அவரு வாயில வந்த கடைசி வார்த்தை.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் சாப்பிட்டு முடிச்சுத் திருப்தின்னு சொல்ல மாட்டோம். போதும்னுதான் சொல்லுவோம்.

எங்க இவுக யாருன்னு ஒனக்குத் தெரியாதுல்ல? ஏரல் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். ஆறுமுகநயினார்னு கேட்டுப் பாரு, அந்த ரூட்டுல ஓடுற அத்தனை டிரைவரும் ஒரு கதை சொல்லுவான். வண்டி கொஞ்சம் கூடுதலா நின்னாப் போதும், விசிலை ஊதி, பேனட்டைத் தட்டி, டிரைவரை வம்சத்தோட சேத்து ஏசுவாக. அந்தச் சத்தம் ஆத்துப் பாலம் வரைக்கும் கேக்கும். அப்படியாப்பட்ட தொண்டை. அன்னைக்கு விசிலை வாயில வச்சாகளாம், சத்தம் வரலையாம். விசில் நழுவிக் கீழ விழுந்திருக்கு. எடுக்கக் குனிஞ்சவுக அப்படியே சரிஞ்சுட்டாக. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே அடியாப் போச்சு. விழுங்கவும் வரல. பச்சைத்தண்ணி குடுத்தாக்கூட அது வயித்துக்குப் போகாம நெஞ்சுக்குள்ள எறங்கிரும்னு சொல்லி, மூக்குல குழாயைப் போட்டுட்டாங்க. தலைமாட்டுல பாத்திருப்பியே, ஒரு செவப்பு அட்டை தொங்குதே. தண்ணி, காப்பி, பால் எதுவும் வாயில குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. கூழு மாதிரி கெட்டியானதை மட்டும் அவங்களே ஊட்டிப் பழக்குவாங்க.

எனக்கு ஒரே மவ. ஓசூர்ல நிறைமாசமா இருக்கா, வர முடியாது. நான் ஒருத்திதான் கெடக்கேன்.

வந்த கொஞ்ச நாள்ல ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாருமாச் சேந்து வந்தாங்க. சுத்தி நின்னு ஒரே தர்க்கம். விழுங்கப் பழக்குற தம்பி, "இன்னும் கெட்டியாக் குடுக்கணும்"ங்கான். டயட்டீசியன், ஜெபமலர்னு பேரு, "இதுக்கு மேல கெட்டியானா வாய்க்கு வெளங்காது, துப்பிருவார்"ங்கா. சிஸ்டர், "அப்போ மாத்திரையை எதுல கலந்து குடுக்க?"ங்கா. பெரிய டாக்டரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஜெபமலர், நீ என்ன சொல்லுற?"ங்காரு. அவ்வளவு பெரிய டாக்டரு, சாப்பாடு சொல்லுத பொண்ணைக் கேக்காரு! எங்க இவுகளை நடுவுல போட்டு ஏலம் விடுதாங்கன்னு நெனைச்சேன். அப்போதான் அவ திரும்பினா. சிரிச்ச மொகமா என் கையைப் பிடிச்சா.

"அம்மா, சாருக்கு என்ன பிடிக்கும்? வீட்ல எதை விரும்பிச் சாப்பிடுவாங்க?"

எனக்குக் காது அடைச்சுப் போச்சும்மா. கேட்டுட்டா. கேட்டே போட்டுட்டா.

அவ மேக்கொண்டு என்னவெல்லாமோ சொன்னா. "கட்டி தட்டாம, வழுவழுன்னு, கரண்டியைச் சரிச்சா ஒழுகாம பொத்துன்னு விழணும், அந்த மாதிரி பதத்துல வீட்ல ஏதாவது செய்வீங்களா? சொன்னீங்கன்னா நம்ம கிச்சன்லயே செய்யச் சொல்லிருதேன். தெரிஞ்ச ருசின்னா மனசு வச்சு விழுங்குவாங்க"ன்னு. நான் எங்க அதையெல்லாம் கேட்டேன்? அவ வாய் அசையுது, எனக்கு அந்தப் பழைய டாக்டரு மொகம்தான் தெரியுது. "ஒண்ணும் பிடிக்காதும்மா, குடுக்கறதைத் திம்பாக"ன்னுட்டேன். அவ விட்டாளா? "யோசிச்சுச் சொல்லுங்க, நாளைக்கு வாரேன்"னுட்டுப் போனா.

நான் ஒத்தையில என்ன செய்வேன், சொல்லு? எங்க மதினிக்குப் போன் போட்டேன். இவுகளுக்கு மூத்தவ, சந்தனமாரி. "மதினி, கேட்டுட்டாங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவளுக்கும் மாமனாரு கதை தெரியும்லா? அந்தப் பக்கம் ஒரே அழுகை. மறுநாள் காலையில விடிஞ்சும் விடியாம வந்துட்டா. சொந்தக்காரங்க ஒரு வேன் நிறைய. வாட்ச்மேன் கேட்டில தடுத்திருக்கான், அவனையும் அழ வச்சுட்டு உள்ள வந்துட்டாங்க.

கையில சொம்பு. சொம்புல பால். பாலுக்குள்ள துளசி.

போறப்போ ஒரு வாய் பால் ஊத்தணும்லா? கூடப் பொறந்தவ ஊத்தலைன்னா யாரு ஊத்துவா? "தம்பி, அக்கா வந்திருக்கேன்"னு சொல்லி, தலையைத் தூக்கி மடியில வச்சு, ஒரு கரண்டி ஊத்தினா. இவுக கண்ணைத் தொறந்து அக்காவைப் பாத்தாக. ரெண்டாவது கரண்டி. மூணாவதுக்கு சிஸ்டர் பாத்துட்டா. அம்மாடி, என்ன கத்து கத்தினா! ஆனா அதுக்குள்ள மூச்சு முட்டிருச்சு. மொகம் நீலம் பாஞ்சு, கண்ணு மேல சொருகி... அந்த விழுங்கப் பழக்குற தம்பி எங்கிருந்து ஓடி வந்தான்னு தெரியல, ஜெபமலரு வேனுக்கூட்டத்தையெல்லாம் கையைப் பிடிச்சு வெளிய தள்ளுதா, டாக்டரு வாயில குழாயை விட்டு உறிஞ்சுதாரு, ஸ்ட்ரெச்சரு வருது. எல்லாரும் சேந்து ஐசியூவுக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

நீயே யோசிச்சுப் பாரு. செவ்வாய்க்கிழமை கேட்டா. புதன்கிழமை மூச்சு நின்னு போச்சு. ஒரு நாள்கூடத் தாண்டல. நான் சொன்னேன்ல?

இவங்க பாலைக் குத்தம் சொல்லுதாங்க. பால்! பச்சைப் பிள்ளை குடிக்கிறது. பாலா ஆளைக் கொல்லும்? நெஞ்சுல சளி கட்டினதுக்குக் காரணம் பால்தான்னு டாக்டரு படம் எல்லாம் காட்டினாரு. காட்டட்டும். அந்தக் கேள்வி கேக்காம இருந்தா நான் ஏன் போன் பண்ணப் போறேன், மதினி ஏன் சொம்பைத் தூக்கிட்டு வரப் போறா? எல்லாம் அந்தக் கேள்வியில வந்தது. இதைச் சொன்னா யாரு நம்புதா.

ஒண்ணு சொல்லணும். ஐசியூ வாசல்ல நான் சுருண்டு கெடந்தப்போ ஜெபமலருதான் டீ வாங்கிட்டு வந்து குடிக்க வச்சா. மதினிக்கும் வாங்கிக் குடுத்தா. ஒரு வார்த்தை ஏசல. "தெரியாமச் செஞ்சுட்டாங்க, விடுங்க"ன்னா. நல்ல பொண்ணும்மா. அதுதான் எனக்குப் பயமே. மாமனாருக்குச் சொன்ன டாக்டரும் நல்ல மனுஷன்தானே.

எப்படியோ சாமி புண்ணியத்துல பொழைச்சு வார்டுக்கு வந்துட்டாக. மறுபடியும் விழுங்கப் பழக்குதாங்க. மூக்குக் குழாய் ஒரு பக்கம் இருக்கு, ஆனா வேளைக்கு வேளை ஒரு கிண்ணத்துல கூழு மாதிரி ஒண்ணை அரைச்சுக் கொண்டாராங்க. ஜெபமலரு ஊட்டுவா, தம்பி தொண்டையில விரலை வச்சுப் பாப்பான், சிஸ்டர் பக்கத்துல அந்த உறிஞ்சுற குழாயோட நிப்பா. ஒரு கரண்டி சாப்பாட்டுக்கு மூணு ஆளு! எங்க கல்யாணத்துலகூட இவுகளுக்கு இப்படிப் பந்தி விசாரிப்பு கெடையாது. இவுக என்ன செய்யுதாக? வாயை இறுக்கி மூடிக்கிடுதாக. இட்லியை அரைச்சாங்க, வேண்டாம். பருப்புஞ்சோறு, வேண்டாம். கேரட்டு, ஆப்பிளு, துப்பிட்டாக. ஆளு துரும்பா எளைச்சுட்டாக. நேத்து உடம்பு தொடைச்சு விட்டப்போ அந்த எலும்பைப் பாத்து எனக்கு நெஞ்சு வெடிச்சுட்டு.

படம் போட்ட அட்டை ஒண்ணு குடுத்திருக்காங்க, வேணுங்கறதைத் தொட்டுக் காட்ட. தண்ணி, காத்து, வலி, இட்லி, தோசைன்னு எல்லாம் இருக்கு. இவுக அதைத் தள்ளி விட்டுட்டு, இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் சேத்துச் சுத்திச் சுத்திக் காட்டுதாக. என்னைப் பாத்துக்கிட்டே சுத்துதாக.

சிஸ்டர் காத்தாடி கேக்காருன்னு ஃபேனைப் போட்டா. பிசியோ பொண்ணு குதிக்கா: "நான் சொல்லிக் குடுத்த பயிற்சியைத் தாத்தா தானே செய்யுதாரு!" தம்பி, தண்ணியைக் கெட்டியாக்குற பொடியைக் கலக்கறதைக் காட்டுதாரு போலன்னான். ஆளுக்கு ஒரு அர்த்தம். ஜெபமலரு மட்டும் தன் கையையும் அதே மாதிரி சுத்திப் பாத்தா. அப்புறம் கேட்டா, "அம்மா, எதையோ கிண்டுற மாதிரி இருக்கே. ரெண்டு கையால கிண்டுறது. பெரிய பாத்திரம் போல."

"அதெல்லாம் இல்லம்மா, கை வலிக்குது போல"ன்னேன்.

எனக்கா தெரியாது? கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து பாக்கேன். இவுக கண்ணு அசைஞ்சா காப்பியா வெத்தலையான்னு சொல்லுவேன். எனக்குத் தெரியாதா?

கிட்ட வா. ஒன்கிட்ட சொன்னா என்ன. நீ ஆஸ்பத்திரி ஆளு இல்லையே.

உளுந்தங்கஞ்சி.

அவ்வளவுதான். கறி இல்ல, மீனு இல்ல. கருப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, ஊறப் போட்டு, மை மாதிரி அரைச்சு, கருப்பட்டிப் பாகும் சுக்கும் சேத்து, தேங்காப்பால் விட்டுக் காய்ச்சணும். கையெடுக்காமக் கிண்டணும், விட்டா கட்டி தட்டிரும். நான் கிண்டிக் கை சடைஞ்சுட்டுன்னா இவுக வந்து கரண்டியை வாங்கிக்கிடுவாக. ஊரையே ஏசுற மனுஷன், அடுப்புப் பக்கத்துல நின்னு ரெண்டு கையாலயும் கிண்டுவாக, "பிரம்மசக்தி, பாரு, பதம் வந்துட்டா, கரண்டியில நிக்குதா"ன்னு சின்னப்பிள்ளை மாதிரி கேப்பாக. வழுவழுன்னு, ஒரு கட்டி இருக்காது. கரண்டியைச் சரிச்சா பொத்துன்னு விழும். அதைத்தான் கேக்காக. கையைச் சுத்திச் சுத்தி என்கிட்ட அதைத்தான் கேக்காக.

நான் தலையைத் திருப்பிக்கிடுவேன். அப்போ இவுக கண்ணு ஓரத்துல தண்ணி வழியும். அதையும் நானே தொடைச்சு விட்டு, "காத்து வேணுமா?"ன்னு கேப்பேன். பாவிதான் நான். ஆனா உயிரோட இருக்காகல்ல? அதைக் குடுத்து, அதைத் தின்னு, மொகம் தெளிஞ்சு என்னைப் பாத்துட்டாகன்னா, அப்புறம் என்ன இருக்கு இவுகளுக்கு இந்த ஒலகத்துல? நான் எங்க போவேன்?

இன்னைக்கு எதுக்குக் கூடியிருக்காங்கன்னு தெரியுமா? வாயால சாப்பிட ஆரம்பிச்சா மூக்குக் குழாயை எடுத்துருவாங்களாம், வீட்டுக்குப் போகலாமாம். இல்லன்னா வயித்துல ஓட்டை போட்டு அதுல குழாய் வச்சுருவாங்களாம். அதை முடிவு பண்ணத்தான் உள்ள நிக்காங்க. ஓட்டை போட்டா பயம். பிடிச்சதைக் குடுத்தா அதை விடப் பயம். நான் எந்தப் பக்கம் போக, சொல்லு?

அது என்ன, ஒன் டிபன்ல? அப்பாவுக்குப் பிடிச்ச இடியாப்பமா? ஐயோ, மூடி வையி. உள்ள கொண்டு போயிராதே.

நேத்து வேற ஒண்ணு நடந்துச்சு. ஜெபமலரு வந்து, "உங்க மதினி போன் நம்பர் குடுங்க"ன்னா. பால் ஊத்தினதுக்கு இப்போதான் ஏசப் போறா போலன்னு நெனைச்சுக் குடுத்துட்டேன். ஏசட்டும், எனக்கு என்ன. சொம்பைத் தூக்கிட்டு வந்தவ அவதானே.

ஒரு நிமிசம் இரு.

ஒனக்கு வாசனை வருதா?

சுக்கு. சுக்கும் கருப்பட்டியும். நல்லா மூச்சை இழுத்துப் பாரு. இந்த பினாயில் வாடைக்குள்ள... வறுத்த உளுந்து. அந்த டிராலி. கிச்சன்காரர் தள்ளிட்டுப் போறாரே, மூடி போட்ட கிண்ணம். ஏய்யா! ஏய்யா, நில்லு! அதை உள்ள கொண்டு போகாதே!

போயிட்டாரு. மதினி சொல்லிட்டா. பாவி மக சொல்லிக் குடுத்துட்டா. பொறந்ததுலேருந்து கூட வளந்தவளுக்குத் தெரியாதா? எனக்கு அதைப் பாக்குற தைரியம் இல்லம்மா. நீ போய் அந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாரு. பாத்துச் சொல்லு. வேண்டாம், சொல்லாதே. சொல்லு.

சாச்சு உக்கார வச்சிருக்காங்களா? ஜெபமலரு கையில கரண்டியா? தம்பி தொண்டையில கை வச்சிருக்கானா? சிஸ்டர் குழாயோட பக்கத்துல இருக்காளா? சரி. இவுக என்ன செய்யுதாக? மோந்து பாக்காகளா? வாயை மூடித்தானே இருக்காக?

தொறந்துட்டாகளா?

எவ்வளவு தொறந்தாக? நல்லாவா?

விழுங்கிட்டாகளா? இருமுதாகளா? இருமல, இல்ல? மொகம் நீலமா ஆகுதா, நல்லாப் பாரு. ஆகல. முருகா. இன்னொரு வாயா? டாக்டரு கை தட்டுதாரா? எதுக்கு அந்த மனுஷன் கை தட்டுதாரு? நாடகமா நடக்குது?

என்ன, நிறுத்திட்டாகளா? வாயை மூடிக்கிட்டாகளா? ஏன்? பிடிக்கலையா? தேங்காப்பால் கொறைவா விட்டிருப்பாங்க. நான் ரெண்டாம் பாலே விட மாட்டேன், எல்லாம் முதல் பால்தான். பின்னே எதுக்கு நிறுத்தினாக?

கதவைப் பாக்காகளா?

என்னையவா?

ஜெபமலரு வாராளா? கரண்டியோடவா? இந்தா, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோ, துண்டும் செருப்பும்தான் இருக்கு. என்னைப் பிடிச்சு எழுப்பி விடும்மா. நான் போறேன். நான்தான் ஊட்டணும்னு உக்காந்திருந்தா என்ன செய்ய முடியும்? பிடிவாதம் பிடிச்சா ஒரு பஸ்ஸு நகராது இவுக முன்னால.

ஆனா கிண்ணத்தைக் காலி பண்ண விட மாட்டேன், பாத்துக்கோ. ஒரு வாய் மிச்சம் வச்சிருவேன். இன்னைக்கும் ஒரு வாய், நாளைக்கும் ஒரு வாய், வீட்டுக்குப் போனாலும் தினமும் ஒரு வாய். அந்த ஒரு வாய்க்கு ஆசை இருந்துக்கிட்டே இருந்தா இவுக எப்படிப் போவாக?

வாரேன் ஜெபமலரு, வந்துட்டேன். சாப்பிடட்டும்மா, நல்லாச் சாப்பிடட்டும். திருப்தியான்னு மட்டும் யாரும் இவுகளைக் கேட்டுராதீங்க.